அடுக்கினால் ஆய்வாகிவிடுமா?

உளவியல் முதுகலை ஆய்வேடு ஒன்றின் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 'இந்தியாவில் நடந்த ஆய்வுகள்' என்று ஒரு தலைப்பு, 'வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகள்' என்று இன்னொரு தலைப்பு இருக்கும். கீழே ஆய்வுக்கு ஒரு பத்தி. பத்தி ஒரு பெயரிலும் ஆண்டிலும் தொடங்கும். இத்தனை பேரிடம் செய்தார், இந்த அளவுகோலைப் பயன்படுத்தினார், தொடர்பு இருப்பதாகக் கண்டறிந்தார் என்று முடியும். முப்பது தேறிவிட்டால் மாணவர் நிம்மதியாகிறார், நெறியாளர் கையெழுத்துப் போடுகிறார். முன்னாய்வு என்றால் இதுதான் என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. உளவியல் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு தரக்கூடிய ஆகச் சிறந்த பயிற்சியை இது தட்டிப் பறிக்கிறது.

சுயக்கட்டுப்பாடு பற்றி ஒரு மாணவி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1998இல் வெளிவந்த ராய் பௌமைஸ்டர் குழுவின் சோதனை அவர் கண்ணில் படாமல் போகாது. 67 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட்டின் மணம் அறை முழுக்க. சிலருக்கு பிஸ்கட் தின்ன அனுமதி. சிலர் அதைப் பார்த்துக்கொண்டே முள்ளங்கி மட்டும் தின்ன வேண்டும். அடுத்து, தீர்க்கவே முடியாத ஒரு புதிர். முள்ளங்கி தின்றவர்கள் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள், பிஸ்கட் தின்றவர்கள் சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். மன உறுதி செலவாகித் தீர்ந்துபோகும் என்ற 'ஈகோ டிப்ளீஷன்' கொள்கைக்கு இந்தச் சோதனை பெரும்புகழ் தேடித் தந்தது. 2010இல் மார்ட்டின் ஹேகர் தலைமையிலான குழு, அச்சான 83 ஆய்வறிக்கைகளில் இருந்த 198 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. விளைவின் அளவு 0.62 என்று வந்தது. உளவியலில் இது நல்ல அளவு. அதே ஹேகர் 2016இல் 23 ஆய்வகங்களை ஒருங்கிணைத்து, முறைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 2,141 பேரிடம் சோதித்தார். கிடைத்தது 0.04. இல்லை என்றே சொல்லிவிடலாம்.

அடுக்கி எழுதுகிற முறையில் இவை என்ன ஆகும்? 1998க்கு ஒரு பத்தி, 2010க்கு ஒரு பத்தி, 2016க்கு ஒரு பத்தி. மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கும். ஒன்று மற்றொன்றை மறுக்கிறது என்பதே வாசகருக்குத் தெரியாது, எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. 198 சோதனைகள் ஒரு திசையைக் காட்டிய பிறகு 23 ஆய்வகங்கள் சேர்ந்து ஏன் எதையும் காணவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்காத அத்தியாயத்தை நான் முன்னாய்வு என்று ஏற்க மாட்டேன்.

கேட்கிற மாணவி தேடிப் போவார். இவான் கார்ட்டரும் மைக்கேல் மெக்கல்லோவும் 2014இல் எழுதியது கிடைக்கும்: வெற்றி பெற்ற சோதனைகள் அச்சேறுகின்றன, தோற்றவை மேசை இழுப்பறையிலேயே கிடக்கின்றன, ஆகவே அச்சானவற்றை மட்டும் கூட்டினால் விளைவு பெரிதாகத்தான் தெரியும். 2016 சோதனையில் பயன்படுத்திய பணியே பொருத்தமற்றது என்று பௌமைஸ்டர் தரப்பு மறுத்ததும் கிடைக்கும். அவருடன் பல ஆய்வுகள் செய்த கேத்லீன் வோஸே தலைமையேற்று 36 ஆய்வகங்களில் 3,531 பேரிடம் சோதித்து, 2021இல் வெளியிட்டதும் கிடைக்கும். அந்த முடிவு 0.06. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சான்று எந்தப் பக்கம் கனக்கிறது, எதனால் கனக்கிறது என்று அந்த மாணவியால் அரைப் பக்கத்தில் எழுதிவிட முடியும். முப்பது பத்திகளைவிட அந்த அரைப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்து எழுதுவதும், இன்னொருவர் ஆய்வேட்டிலிருந்து எடுத்து எழுதுவதும் அடுக்கினால் போதும் என்ற இதே நம்பிக்கை பெற்ற பிள்ளைகள்தாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. எனவே சொற்களை மாற்றிப்போட்டு, ஒற்றுமையைக் கண்டறியும் மென்பொருளைக் கடந்துவிட்டால் போதும் என்றாகிவிட்டது. மூலக் கட்டுரையைப் படித்தாரா என்று எந்த மென்பொருளும் சொல்லாது. 1920இல் வாட்சனும் ரேய்னரும் வெள்ளெலியைக் கண்டு அஞ்சும்படி பழக்கிய ஆல்பர்ட் என்ற குழந்தையின் கதை உளவியல் மாணவர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தைப் போக்குவதற்கு முன்பே குழந்தை மருத்துவமனையை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் பயம் போக்கப்பட்டதாகச் சில பாடநூல்களே எழுதிவைத்தன. 1979இல் பென் ஹாரிஸ் மூலத்தோடு ஒப்பிட்டு இதை அம்பலப்படுத்தினார். பாடநூல் ஆசிரியர்களுக்கே இந்த நிலை என்றால், சுருக்கத்திலிருந்து சுருக்கம் எடுக்கும் மாணவர் எந்தத் தவறைத்தான் சுமந்து வரமாட்டார்?

'எம்.எஸ்சி. மாணவருக்குப் பெரிய அறிஞர்களை எடைபோடத் தகுதி ஏது' என்று சில பேராசிரியர்கள் கேட்பார்கள். மாதிரி எத்தனை பேர், யாரிடம் செய்தார்கள், கட்டுப்பாட்டுக் குழு இருந்ததா, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்று கேட்க, முதலாண்டில் நடத்திய புள்ளியியலும் ஆய்வு முறையியலும் போதும். அதற்கும் தகுதியில்லை என்றால் அந்தத் தாள்களை ஏன் நடத்தினோம்?

கட்டுரைகள் காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்பது நியாயமான குறை. ஒன்றிய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025இல் தொடங்கிய பிறகு அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு அந்தச் சுவர் ஓரளவு இறங்கியிருக்கிறது. சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அதனால்தான் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்கிறேன். முழுதாகப் படித்த எட்டுக் கட்டுரைகள் போதும்.

நெறியாளர்களே, அடுத்த வாய்மொழித் தேர்வில் எத்தனை ஆய்வுகள் சேர்த்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள். இவற்றில் எதை நீ நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுங்கள்.