தானியம் இல்லாத வடை யாருக்காக?

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் "நாங்க சாயங்காலத்துல தானியமே சேத்துக்கறதில்லை" என்ற பேச்சுதான். ஒரு வீட்டில் விரதத்துக்காக, இன்னொரு வீட்டில் சுகருக்காக, அடுத்த வீட்டில் உடம்பு இளைப்பதற்காக. ஆனால் மூன்று வீட்டிலும் கடைசியில் வாணலியில் மிதப்பது ஒரே ஜவ்வரிசி வடை! இதைப் பற்றித்தான் நம் சகோதரிகளிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேச நினைக்கிறேன்.

திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்கு விரதம் என்பது வருஷத்துக்கு ஒருமுறை வரும் விஷயம் இல்லை. பௌர்ணமி, பிரதோஷம், கிருத்திகை, சோமவாரம் என்று மாதத்தில் நாலைந்து நாளாவது வந்துவிடும். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலை மேல் தீபத்தைப் பார்த்த பிறகுதான் பலபேர் வீட்டில் வாயில் ஏதாவது போடுவார்கள். அப்படி விரதம் இருப்பவர்களில் நிறையப் பேர் "ராத்திரிக்குப் பலகாரம்தான்" என்று சொல்லி நாலு இட்லி, ரெண்டு தோசை சாப்பிடுகிறோம். பலகாரம் என்ற வார்த்தையே பழ ஆகாரம் என்பதிலிருந்து வந்ததுதான். இட்லியில் இருப்பது அரிசி இல்லாமல் வேறு என்னவாம்? பொங்கிய அரிசி ஆகாது, அரைத்த அரிசி ஆகும் என்று நாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு விட்டோம். அதைக் குறை சொல்லவில்லை, அவரவர் வீட்டு வழக்கம். ஆனால் தானியமே வேண்டாம் என்று உண்மையாகவே இருக்க நினைப்பவர்களுக்கு எது தானியம் என்று தெரிய வேண்டாமா?

இதில்தான் எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. கடலை மாவில் அரிசி மாவு சேர்க்காமல் பஜ்ஜி போட்டால் தானியம் இல்லாத பலகாரம் ஆகிவிடும் என்றேன் நான். என் மாமியார், "ஏம்மா, நவதானியத்துல கொண்டைக்கடலை இருக்கா இல்லையா?" என்று கேட்டார்கள். இருக்கிறதே! நெல், கோதுமையோடு துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, உளுந்து, கொள்ளு, எள் எல்லாம் சேர்ந்ததுதான் நவதானியம். டாக்டர்கள் அரிசி, கோதுமை, கம்பு, கேழ்வரகு இவற்றை ஒரு பக்கமும், பருப்பு பயறுகளை வேறு பக்கமும் வைத்துப் பேசுகிறார்கள். நம் பெரியவர்கள் கணக்கில் இரண்டும் தானியம். "அப்போ எள்ளும் தானியம், நல்லெண்ணெய் மட்டும் எப்படி அத்தை ஆகும்?" என்று கேட்டேன். "எள்ளு வேற, எண்ணெய் வேற, போ" என்று முடித்துவிட்டார்கள்!

சாமையும் அப்படித்தான். அரிசிக்குப் பதிலாக விரதத்துக்குச் சாமை உப்புமா கிண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளைகிற நல்ல பொருள்தான். 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு கடைக்குக் கடை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் சிறுதானியம் என்ற பெயரிலேயே தானியம் இருக்கிறதே! கார்ன் ஃப்ளார் மாவும் மக்காச்சோளம்தான், அதுவும் தானியம்.

இதற்கு நேர் எதிர் ஜவ்வரிசி. பெயரில் அரிசி இருக்கிறதே தவிர, அது மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து உருட்டி எடுப்பது. சேலம் பக்கம்தான் இதற்குப் பேர் போனது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கேயே சில ஆலைகளில் மரவள்ளி மாவோடு மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்று புகார் எழுந்து, அதிகாரிகள் சோதனை போட்டுப் பிடித்த செய்திகளும் பேப்பரில் வந்திருக்கின்றன. ஆகவே உதிரியாக அளந்து தருவதை விட, தயாரித்தவர் விலாசம் போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. பளீரென்று வெள்ளையாக இருப்பதுதான் உசத்தி என்று நினைக்காதீர்கள்.

விரதத்துக்கு நான் செய்வது இப்படி. மாவு ஜவ்வரிசி ஒரு டம்ளர் எடுத்து, இரண்டு தண்ணீர் கழுவி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு நாலு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பாயசத்துக்குப் போடும் நைலான் ஜவ்வரிசி இதற்குச் சரிப்படாது. வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை (அதாங்க வேர்க்கடலை, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அரை டம்ளர் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளவும். வாழைக்காய் இரண்டு வேகவைத்துத் துருவ வேண்டும். உருளைக்கிழங்கை விட வாழைக்காய் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கேரட் துருவல் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய், இஞ்சி, சீரகம், கொத்தமல்லித் தழை, உப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் பிசைந்து தட்ட வேண்டியதுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஜவ்வரிசியை விரலால் நசுக்கினால் நடுவில் கட்டி இல்லாமல் மசிய வேண்டும். ஊறாத ஜவ்வரிசி எண்ணெயில் வெடிக்கும், கொதிக்கிற எண்ணெய் முகத்தில் தெறிக்கும். அதனால் சாயங்காலம் வடை என்றால் மதியமே ஊறப் போட்டுவிடுங்கள். அவசரத்துக்கு அரைமணி நேரம் ஊறவைத்துச் செய்வதாக இருந்தால் அன்றைக்கு வடையே வேண்டாம், ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.

இது விரதத்துக்கு. சுகர் உள்ளவர்களுக்கு இந்த வடையைக் கொடுத்து, "இதுல தானியமே இல்லை, பயப்படாம சாப்பிடுங்க" என்று சொல்வதைத்தான் நான் கண்டிக்கிறேன். 100 கிராம் ஜவ்வரிசியில் ஏறக்குறைய 87 கிராம் மாவுச்சத்து. புரதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அரிசியில் உள்ளதை விட இதில் மாவுச்சத்து கூடத்தான், குறைச்சல் இல்லை! எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு கிரிவலம் வருகிறவர். காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பட்டினி. சாயங்காலம் ஆறேழு ஜவ்வரிசி வடை, கூடவே ஜவ்வரிசிப் பாயசம். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். பிறகு இப்படிச் சாப்பிட்டால் ஒரேயடியாக ஏறும். போன வருஷம் நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி உட்கார்ந்துவிட்டார். கூடப் போனவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்து வந்தது அருணாசலேஸ்வரர் புண்ணியம். விரதம் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு இருக்கலாமே.

என் வீட்டுக்காரருக்கும் சுகர் உண்டு. அவருக்கு நான் போடுவது காய்தான் முக்கால் பங்கு, மாவு கால் பங்கு. சுரைக்காயைத் துருவி உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிஷம் வைத்தால் தண்ணீர் விடும். அதை ஒட்டப் பிழிந்து எடுத்துவிட்டு (அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள்), அரிந்த முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்த்து, பிடிக்கும் அளவுக்குக் கடலை மாவு மட்டும் தூவிப் பிசைகிறேன். மொறுமொறுப்புக்கு அரிசி மாவு வேண்டுமே என்பீர்கள். மல்லாட்டைப் பொடி ரெண்டு ஸ்பூன், காய்ந்த எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டுப் பிசைந்தாலே போதும். சோடா உப்பு வேண்டவே வேண்டாம், எண்ணெயை இழுத்துக்கொள்ளும். இதைக் குழிப்பணியாரக் கல்லில் குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு எடுத்தால் பொரித்த மாதிரியே இருக்கும். பத்து வடைக்கு அஞ்சாறு ஸ்பூன் எண்ணெயில் வேலை முடிந்துவிடும்.

பேலியோ டயட் என்று ஒன்று நம் தமிழ்நாட்டிலும் பத்து வருஷமாக அடிபடுகிறது. நியாண்டர் செல்வன் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு அரிசியையே விட்டவர்கள் எங்கள் சொந்தத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் பருப்பும் மல்லாட்டையும் கூட ஆகாது, பாதாம் மாவில் செய் என்கிறார்கள். பாதாம் விற்கிற விலையில் ஒரு ஆள் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அதை வாசனைதான் பார்க்கலாம்!

இன்னொரு முக்கியமான விஷயம், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வரும் தானியம். நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது அரிசி மாவு கலந்துதான் இருக்கும், டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பஜ்ஜி மாவு பாக்கெட்டில் அரிசி மாவு இல்லாமல் இருப்பது அபூர்வம். கடலைப்பருப்பை மில்லில் கொடுத்து அரைத்தால், நமக்கு முன்னால் கோதுமை அரைத்தவர்களின் மாவு நம் தூக்கில் விழும். விரதத்துக்கு இதையெல்லாம் பார்க்க வேண்டாம், மனசுதான் முக்கியம் என்று விட்டுவிடலாம். ஆனால் சில குழந்தைகளுக்குக் கோதுமை பட்டாலே குடல் கெட்டுப்போகும் வியாதி இருக்கிறது. என் நாத்தனார் மகளுக்கு அது இருப்பது நாலு வருஷம் முன்புதான் தெரிந்தது. அரிசி அவளுக்கு ஆகும், கோதுமை துளியும் ஆகாது. விசேஷ வீடுகளில் "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று ஊட்டி விடுகிற பெரியவர்களைச் சமாளிப்பதுதான் அவள் அம்மாவுக்குப் பெரும் பாடு. அவள் வரும்போது பருப்பை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துவிடுகிறேன், பெருங்காயத்துக்குப் பதில் இஞ்சி.

"இவ்வளவு எதுக்கு, கிரிவலப் பாதையில சுடச்சுட பஜ்ஜி கிடைக்குதே" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டிக்காரர்களும் பிழைக்க வேண்டியவர்கள்தான், எல்லோரும் மோசமும் இல்லை. ஆனால் லட்சக்கணக்கில் கூட்டம் நகரும் ராத்திரியில் அந்த எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது என்று யார் பார்த்தார்கள்? திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதலே அரசாங்க விதி இருக்கிறது. அச்சு மையில் விஷம் இருப்பதால் பேப்பரில் பலகாரம் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. (வீட்டிலும் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு வடை வடியப் போட்டுவிடாதீர்கள்!) வாழை இலை கிழிசல் போதும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். விரதம் இருப்பது பெரும்பாலும் பெண்கள். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்து, சாயங்காலம் எண்ணெய் அனலில் நிற்பதும் அதே பெண்கள். விரதமே இல்லாத மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து "இன்னும் ரெண்டு" என்பார்கள். இது என்ன நியாயம்? எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். காய் துருவுவதும் சுரைக்காய் பிழிவதும் அவர் வேலை. மல்லாட்டை தோல் ஊதுவது ஏழாவது படிக்கும் பையன் வேலை. முதலில் எடுக்கும் ஈடு விரதம் இருந்தவர்களுக்கு, அதாவது எனக்கும் மாமியாருக்கும். ஆரம்பத்தில் மாமியாருக்கே இது பிடிக்கவில்லை, "ஆம்பளைங்கள துருவச் சொல்றதா?" என்றார்கள். இப்போது "இன்னும் பொடிசா துருவுப்பா" என்று மகனை அதட்டுவதே அவர்கள்தான்.

எங்கள் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில் பச்சைக்கொட்டை வரும். வறுப்பதற்குப் பதில் அதை அப்படியே இஞ்சி, மிளகாயோடு கரகரவென்று அரைத்து, சேனைக்கிழங்குத் துருவலோடு பிசைந்து தட்டிப் பாருங்கள். சேனையை மட்டும் புளித் தண்ணீரில் வேகவைத்துவிட்டுத் துருவ வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்.

— ஒரு வாசகி, திருவண்ணாமலை.