மட்டையின் உயிர் அதன் இறப்பர்

"ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. தோல்விக்குச் சாட்டுத் தேடும் மாணவர்களைக் கண்டிக்க ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி அது. ஆயினும் சிற்சில வேளைகளில் மேடை உண்மையாகவே கோணலாயிருப்பதும் உண்டு. அதனை ஆராயாமற் பிள்ளையைக் குறை கூறுவது நீதியாகாது.

சென்ற தவணையில் ஒரு நாள் மாலை, மாணவன் ஒருவனுடைய தந்தையார் நம்மைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். அவர் கையில் மகனுடைய மேசைப்பந்து மட்டை இருந்தது. மகன் சற்றுத் தள்ளித் தூண் அருகே தலை குனிந்து நின்றான். "மாஸ்ரர், இந்த மட்டை வாங்கி ஒரு வருசந்தான். பலகை முறியேல்லை, பிடியும் நல்லாத்தான் இருக்கு. இரண்டு பக்கத்துக்கும் புது இறப்பர் வேணுமெண்டு நிக்கிறான். உண்மையிலேயே வேணுமோ, இல்லாட்டி ஆசையோ? நீங்கள் சொன்னாச் சரி" என்றார் அவர். நல்ல இறப்பர்த் தாள் இரண்டின் விலை ஒரு குடும்பத்தின் வாரச் செலவை விழுங்கிவிடும் இந்நாளில், அவர் கேட்டது நியாயமான கேள்வியே. விடை கூறுமுன் மட்டையின் இயல்பைச் சிறிது நோக்குவோம்.

மேசைப்பந்து மட்டையின் பலகை, தடிப்பில் 85 வீதமேனும் இயற்கை மரமாக இருத்தல் வேண்டும் என்பது விதி. அதன்மேல் ஒட்டப்படும் இறப்பரே பந்தைத் தொடுகின்றது. இக்காலத்தில் பெரும்பாலோர் கையாள்வது இரு படைகள் கொண்டது: கீழே மெத்தென்ற ஸ்பொஞ்ச், மேலே ஒரு பக்கம் வழுவழுப்பும் மறுபக்கம் சிறு முளைகளும் உள்ள இறப்பர்த் தாள். முளைகள் உள்நோக்கி ஸ்பொஞ்சில் ஒட்டியிருப்பின், வழுவழுப்பான முகம் பந்தைப் பற்றி இழுத்துச் சுழற்சி கொடுக்கும். முளைகள் வெளிநோக்கி இருப்பின், பந்தைத் தொடும் பரப்புக் குறைவதால் சுழற்சியும் குறையும். எதிரியின் சுழற்சியும் அத்துணைத் தொல்லை தராது.

இந்த ஸ்பொஞ்ச் மேசைப்பந்தின் வரலாற்றையே மாற்றியது. 1952ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலகப் போட்டியில் யப்பானியராகிய ஹிரோஜி சத்தோ தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்து ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். பந்து மட்டையிற் படும் ஓசையைக் கேட்டே அதன் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள் அந்த ஓசையற்ற மட்டையின்முன் திகைத்தார்கள். பின்னர் 1959இல் சர்வதேசச் சம்மேளனம் வரம்பு வகுத்தது. தனி ஸ்பொஞ்ச் விலக்கப்பட்டது. ஸ்பொஞ்சுடன் கூடிய இறப்பர் பசை உட்பட 4 மில்லிமீற்றருக்கும், ஸ்பொஞ்ச் இல்லாத முளை இறப்பர் 2 மில்லிமீற்றருக்கும் மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. அவ்வரம்பு இன்றும் நிற்கின்றது.

இனித் தெரிவு பற்றிக் கூறுவோம். ஸ்பொஞ்ச் தடிக்கத் தடிக்கப் பந்து விரைந்து பாயும். ஆனால் ஆடுபவனின் சிறு பிழையும் பெரிதாகும். மெல்லிய ஸ்பொஞ்சில் மரத்தின் உணர்ச்சி கைக்கு எட்டும், பந்து சொற்கேட்கும். ஆதலால் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு 1.5 முதல் 1.8 மில்லிமீற்றர் வரையுள்ள ஸ்பொஞ்ச் போதும். அடித்தாடும் கை நன்கு பழகிய பின்னரே 2 மில்லிமீற்றருக்கு மேற் செல்லலாம். வாங்கும் தாளின் அடியோரத்தில் சம்மேளனத்தின் அடையாளம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுப்போட்டியில் நடுவர் முதலிற் பார்ப்பது அதனையே. ஒரு பக்கம் கறுப்பாக இருத்தல் வேண்டும். மறுபக்கம் முன்னர்ச் சிவப்பு மட்டுமே; 2021 ஒக்டோபர் முதல் நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு ஆகியனவும் ஏற்கப்படுகின்றன.

இவ்விடத்தில் நமது பிழை ஒன்றையும் ஒளியாமற் கூறுதல் கடமையாகும். பல்லாண்டுகளுக்கு முன்னர், பொறுமையாகப் பந்தைத் திருப்பி அனுப்பியே எதிரியைக் களைப்பிக்கும் மாணவன் ஒருவன் நம்மிடம் இருந்தான். உலக வீரர்கள் கையாளும் தடித்த இறப்பரே சிறந்தது என்று நம்பி, அதனையே வாங்குமாறு அவனைத் தூண்டினோம். அவனுடைய பந்துகள் மேசையைக் கடந்து பறந்தன. "பயிற்சி போதாது" என்று பலர்முன் கடிந்தோம். அடுத்த தவணை அவன் மேசைப் பக்கமே வரவில்லை. மேடையைக் கோணலாக்கியவர் நாமே என்பது வெகு காலத்தின் பின்னரே நமக்கு விளங்கிற்று.

அந்நினைவோடுதான் தந்தையார் தந்த மட்டையை வாங்கினோம். இரு முகங்களும் மங்கிக் கிடந்தன. சுத்தமான நீரிற் சில துளிகளைத் தெளித்து, மெல்லிய பருத்தித் துணியால் ஒரே திசையில் துடைத்து, நிழலில் உலரவிட்டோம். பின்னர் ஒரு பந்தை விரலால் அழுத்தி, முதலிற் பிடியை அடுத்த ஓரத்திலும் பின்னர் நடுவிலும் உருட்டிப் பார்த்தோம். பந்து அதிகம் படாத ஓரம் புதிய இறப்பரின் இயல்பை ஏறக்குறையக் காட்டும். கறுப்புப் பக்கத்தில் இரண்டிடமும் ஒன்றுபோலவே பந்தைப் பற்றின. சிவப்புப் பக்கத்திலோ, ஓரம் பற்றியது. நடுவில் பந்து வழுக்கிற்று. அவ்விடம் தேய்ந்து கண்ணாடிபோல் மினுங்கிற்று. பையன் பெரிதும் முன்கையால் அடித்தாடுபவன். ஆதலால் ஒரு முகம் மட்டுமே தேய்ந்துவிட்டது.

"ஐயா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வேண்டாம், ஒன்று போதும்" என்றோம். தந்தையாரின் முகம் தெளிந்தது. தூண் அருகே நின்றவனும் தலை நிமிர்ந்தான்.

இறப்பர் ஏன் சாகின்றது என்பதையும் மாணவர்கள் அறிதல் நன்று. இறப்பர் மரத்தின் பாலிலிருந்து வருவது இயற்கை இறப்பர். அம்மரத்தின் கன்றுகள் 1876இல் இங்கிலாந்தின் கியூப் பூங்காவிலிருந்து நமது தீவுக்கு வந்து கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பாலின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகத்தாற் பிணைத்து உறுதியாக்கும் முறையை 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டார். அப்பிணைப்புகளையும் மூலக்கூறுகளையும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் மெல்ல மெல்லத் தாக்குகின்றன. வெயிலும் வெப்பமும் அதனை விரைவுபடுத்துகின்றன. பெட்டியிற் பூட்டி வைத்த இறப்பரும் காலத்தால் இறுகுவது இதனாலேயே.

ஆகவே சில ஒழுக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். ஆடி முடிந்ததும் அன்றன்றே நீராற் துடையுங்கள். மண்டபத்துத் தூசியும் வெண்கட்டித் தூளும் சுழற்சிக்குப் பகை. உள்ளங்கையால் இறப்பரைத் தேய்க்கும் பழக்கத்தை விடுங்கள். வியர்வையும், தலைக்குப் பூசிய எண்ணெயும் அதில் ஏறும். பெற்றோலும் ஸ்பிரிற்றும் அருகில் வரலாகாது. உலர்ந்தபின் மேலே ஒரு பிளாஸ்ரிக் தாளை மூடி உறையில் இடுங்கள். சைக்கிளின் முன்கூடையிலும் சன்னலோரத்திலும் வெயிலில் விடாதீர்கள்.

புதிய தாளை ஒட்டும்போது பழையதைப் பிடியின் பக்கத்து மூலையிலிருந்து சரிவாக, மெதுவாக உரித்தெடுங்கள். அவசரப்பட்டால் மரநாரும் கூடவே வரும். நீர் கலந்த பசையை இரு முகங்களிலும் மெல்லியதாகப் பூசி, அதன் வெண்மை மறைந்து தெளியும்வரை காத்திருந்து, பிடியிலிருந்து மேல்நோக்கி ஒரு போத்தலை உருட்டி ஒட்டுங்கள். முன்னாளில் வேகத்துக்காகப் பூசிய ஆவிப்பசைகள் நச்சுத்தன்மை காரணமாக 2008இல் தடை செய்யப்பட்டன, அவற்றை நாடவேண்டாம்.

அடுத்த கிழமை அப்பையன் புதுச் சிவப்பு இறப்பர் ஒட்டிய மட்டையோடு வந்தான். ஒட்டியவர் தந்தையாராம். ஓரம் சற்றுக் கோணலாகவே வெட்டப்பட்டிருந்தது. அதனைத் திருத்தித் தரலாமே என்றோம். "வேண்டாம் சேர், அப்பா வெட்டினது. இப்படியே இருக்கட்டும்" என்று கூறிவிட்டு மேசைக்குச் சென்றான். அக்கோணலைப்பற்றி நாமும் ஒன்றும் கூறவில்லை.