வேலியன்று, இடைவெளி

நெடுநாள் நோயுற்றவர் ஒருவர் இருக்கும் வீட்டில் முதலில் நின்றுபோவது பயணம். உறவினர் திருமணம், கோயில் திருவிழா, பேரப்பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா என்று ஒவ்வொன்றாகக் குறைகின்றன. "அங்கே ஏதேனும் நேர்ந்துவிட்டால்?" என்னும் ஒரு கேள்வி எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுகிறது. அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும், அதற்கு விடை தேடாமலே கதவைச் சாத்துவதைப் பாதுகாப்பு என்று நான் ஏற்பதில்லை. இக்கருத்தை எனக்கு உறுதிப்படுத்தியது அமெரிக்காவின் வடகோடியில், அலாஸ்கா மாநிலத்தில் உள்ள தெனாலி தேசியப் பூங்கா.

1917ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அப்பூங்கா இன்று ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் பரப்புடையது. கரடி, ஓநாய், மூஸ் என்னும் பேருருவ மான், காரிபு மான், டால் எனப்படும் வெண்ணிற மலையாடு ஆகியவை அங்கே தம் விருப்பம்போல் திரிகின்றன. அவற்றுக்கும் மனிதருக்கும் நடுவே கம்பிவேலி கிடையாது, இருப்பது இடைவெளி. கரடியிடமிருந்து 300 கஜம் விலகி நிற்க வேண்டும். மூஸ், காரிபு, மலையாடு, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து 25 கஜம். கோடையில் சொந்த வாகனங்கள் முதல் 15 மைல் வரையே செல்லலாம், அதற்கப்பால் பேருந்துதான். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலைச்சரிவால் சாலை பழுதுற்றபோது, நிர்வாகம் பூங்காவையே மூடிவிடவில்லை. 43ஆவது மைலுக்கு அப்பால் போக்குவரத்தை நிறுத்தி, அதுவரை பேருந்தை ஓட்டியது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் தடை.

இன்னொன்றும் அங்கே கற்பிக்கிறார்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓடலாகாது. அமைதியாகப் பேசியபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். மூஸ் பாய்ந்து வந்தாலோ ஓடி, மரம் போன்ற ஒன்றின் பின்னே மறைந்துகொள்ள வேண்டும். அச்சம் ஒன்றுதான், செய்ய வேண்டியது வேறு. நோயும் அத்தகையதே. நினைவுள்ள ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் உடனே இனிப்புத் தர வேண்டும்; நெஞ்சு வலித்தால் நடப்பதை நிறுத்தி அமரவைத்து, உடனே உதவிக்கு அழைக்க வேண்டும். இவற்றைப் பிரித்தறிந்த குடும்பத்துக்கு "ஏதேனும் நேர்ந்துவிட்டால்" என்பது உருவமற்ற பூதமாக நிற்பதில்லை. நான்கைந்து வரிகள் கொண்ட குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயாருடன், ஆங்கரேஜ் நகரில் வாழும் என் தங்கையின் வீட்டிலிருந்து, ஓர் ஆகஸ்டு மாத இறுதியில் நாங்கள் அங்குச் சென்றோம். உறவினர் பலரும் தடுத்தனர். அவர்களுள் ஒருவரும் அம்மாவிடம் நேரே கேட்கவில்லை. கேட்டபோது அவர் தெளிவாகவே சொன்னார்: "பேருந்தில் வருவேன். மலையில் ஏறமாட்டேன். எனக்காக நீங்கள் ஏறாமல் இருக்கவும் கூடாது." மருத்துவரும் பரிசோதித்தபின் அந்த எல்லையையே ஒப்புக்கொண்டார். உட்புறம் செல்லச் செல்லக் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது என்பதும், பெரிய மருத்துவமனை 200 கிலோமீட்டர் தொலைவில் ஃபேர்பேங்ஸ் நகரில் இருக்கிறது என்பதும் அவருக்கு முன்னரே சொல்லப்பட்டன. அறிந்தே அவர் புறப்பட்டார்.

மலைச்சரிவுகள் எங்கும் செந்நிறமாகிவிட்ட பருவம் அது. உறக்கக் காலத்துக்கு முன் கரடிகள் பகல் முழுதும் காட்டுப்பழம் தின்று கொழுப்புச் சேர்க்கும் பருவமும் அதுவே. பேருந்தில் விலங்கை யார் முதலில் கண்டாலும் குரல் கொடுக்கலாம், ஓட்டுநர் நிறுத்துவார். அன்று முதலில் குரல் கொடுத்தவர் அம்மா. தமிழில்தான் கூவினார். அவருடைய விரல் காட்டிய திசையில் நாற்பது பேரும் திரும்பினர். இரு குட்டிகளுடன் ஒரு தாய்க்கரடி தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தது. பிறகு அடுத்த வளைவுகளிலெல்லாம் முன்பின் அறியாத பயணிகள் அவரைத் திரும்பிப் பார்த்து, ஏதேனும் தெரிகிறதா என்று சைகையால் வினவினர். அதுவரை ஈராண்டுகளாக அவரிடம் கேட்கப்பட்டதெல்லாம் "மாத்திரை போட்டாயிற்றா?" என்பது மட்டுமே.

எல்லா நோயாளரும் பயணம் செய்யலாம் என்று நான் வாதிடவில்லை. மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவ்வளவு தொலைவு செல்லும் பொருள் வசதியும் எல்லாருக்கும் இல்லை. ஆனால் நான் சொல்லும் நெறிக்கு அலாஸ்கா தேவையில்லை. வேடந்தாங்கலுக்கும் அது பொருந்தும். தெருமுனைப் பூங்காவுக்கும் பொருந்தும். எது கூடாது என்பதைத் துல்லியமாக வரையறுத்துவிட்டால், எஞ்சியதெல்லாம் கூடும்.

அவ்வாறு வரையறுக்கச் சில ஆயத்தங்கள் வேண்டும். நோயின் விவரமும் மருந்துகளின் பொதுப்பெயர்களும் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். மருந்துகளை, தேவைக்குச் சில நாள் கூடுதலாகவே, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் அனுப்பினால் உறைந்து கெடக்கூடும். நீண்ட விமானப் பயணத்தில் காலில் இரத்தம் உறையாதிருக்க அவ்வப்போது எழுந்து நடப்பது நன்று. பயணக் காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோயையும் ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள். தங்கும் இடத்துக்கு அருகில் உள்ள மருத்துவமனை எது, அங்குச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பதை உடன்வருவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டு எழுதி முடிந்தவுடன் எழுந்துவிடாதீர்கள். "இவர் எவ்வளவு தொலைவு நடக்கலாம்? எவ்வளவு நேரம் அமர்ந்து பயணிக்கலாம்? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்ப வேண்டும்?" என்னும் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு முன், வீட்டிலேயே, நோயாளியிடம் ஒன்று கேளுங்கள்: "எங்கே போக ஆசை?"