சபுராளி சென்ற வழியில் ஏழு நாட்கள்



'சபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். நம் கடற்கரை ஊர்களில் அச்சொல்லினின்று 'சபுராளி' என்னும் சொல் பிறந்தது. பொருளீட்டும் பொருட்டு வீட்டைப் பிரிந்து கடல் கடந்தவரை அப்பெயரால் அழைத்தோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கரையிறங்கியோர் எத்தனை பேர்! 'ரஜூலா', 'சிதம்பரம்' என்னும் கப்பல்களின் பெயர்களை இன்றும் மறவாத முதியோர் நம் வீடுகளில் உள்ளனர். 1985ஆம் ஆண்டில் 'சிதம்பரம்' தீ விபத்துக்கு உள்ளானபின் அக்கப்பல் வழி நின்றுபோனது.

நாட்கணக்கில் கடந்த அந்தக் கடலை இன்று திருச்சியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். ஆண்கள் மட்டுமே சென்ற வழியில் இன்று குடும்பமே செல்கிறது. ஆகவேதான், "மலேசியாவையும் சிங்கப்பூரையும் ஒரு வாரத்தில் பார்த்து வர இயலுமா?" என்று மதரஸாப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் வினவுகின்றனர். இயலும். ஆயினும், எங்கெங்கே செல்வது என்று கேட்குமுன், யாருக்காகச் செல்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நலம்.

வாப்பாவின் கடிதத்தை எதிர்நோக்கியே இளமையைக் கழித்த உம்மா ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பாராயின், இப்பயணம் முதலில் அவருக்கு உரியது. அவருடைய கால்கள் எவ்வளவு நடக்குமோ அவ்வளவே அன்றைய திட்டமாக இருக்கட்டும். காலையில் ஓரிடம், நண்பகலில் ஓய்வு, அஸருக்குப் பின் மற்றோரிடம். இதற்கு மேல் ஒரு நாளில் திணித்தால், முதியவர் அறையில் முடங்குவார். இளையவர்கள் கடைவீதியில் அலைவார்கள். ஒரு குடும்பமாய்ச் சென்றதன் பயன் அங்கேயே கெட்டுவிடும்.

இனி ஏற்பாடுகளைக் காண்போம். ஆறு மாதங்களுக்குக் குறையாத செல்லுபடிக் காலம் உள்ள கடவுச்சீட்டு அனைவருக்கும் தேவை. இந்தியருக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாட்கள் வரை விசா இன்றி அனுமதி அளித்து, அச்சலுகையை 2026 இறுதி வரை நீட்டித்தது. சிங்கப்பூருக்கோ விசா கட்டாயம். எனவே சிங்கப்பூர் விசா கைக்கு வந்தபின் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுவதே அறிவுடைமை. இரு நாடுகளும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கணினி வழியாக வருகை அட்டையை நிரப்பச் சொல்கின்றன. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாற வேண்டாம். விதிகள் மாறக்கூடியவை, புறப்படுமுன் அரசு அறிவிப்புகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும் சீட்டைக் கோலாலம்பூருக்கும், திரும்பும் சீட்டைச் சிங்கப்பூரிலிருந்தும் எடுங்கள். சென்ற வழியே மீளும் ஒரு நாள் மிச்சமாகும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதால், மலேசியாவில் ஐந்து இரவுகளும் சிங்கப்பூரில் ஓர் இரவும் தங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது. மலேசிய விடுதிகளில் வெளிநாட்டார் அறை ஒன்றுக்கு இரவுதோறும் 10 ரிங்கிட் சுற்றுலா வரி செலுத்த வேண்டும்; அதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

செவ்வாய் இரவு விமானம் ஏறுவதாகக் கொள்வோம். புதன் காலை கோலாலம்பூர். அன்று பெரும்பகுதி ஓய்வு. மாலையில் இரு ஆறுகள் கூடுமிடத்தில் 1909இல் எழுந்த ஜாமிஉப் பள்ளிவாசலைக் கண்டு வரலாம். வியாழன் அன்று பட்டர்வொர்த்துக்கு மின்தொடர்வண்டி. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து படகேறினால் பினாங்குத் தீவு. முன்னோர் கண்ட கரையைக் கடல் வழியாகவே காணும் வாய்ப்பு இது; ஆதலால் பாலத்தின் வழியே செல்லாது படகிலேயே செல்லுங்கள்.

வெள்ளியைப் பினாங்கிற்கென்றே வைத்தேன். பயணிக்கு ஜும்ஆ கடமையன்று. எனினும் 1801இல் நம் தமிழ் முஸ்லிம் முன்னோர் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆ தொழக் கிடைப்பது பெரும் பேறு. அதன் அருகிலேயே சூலியா வீதி. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வணிகரைச் 'சூலியா' என்றழைத்தனர். அவர்கள் பெயரே அவ்வீதிக்கு நிலைத்தது. காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற நம்மவரின் உணவே இன்று 'நாசி கண்டார்' எனப் புகழ் பெற்றிருக்கிறது.

சனியன்று தொடர்வண்டியிலேயே கோலாலம்பூர் திரும்பி இரவு தங்குங்கள். ஞாயிறு காலை பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா. அங்குள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் தோன்றியது. மூன்றடுக்குக் கூரையும் சீனக் கோபுரம் போன்ற மினாராவும் உடையது. ஒரே கிப்லாவை நோக்கும் கட்டடம் எத்தனை நாட்டுக் கலைகளை ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதனினும் நல்ல பாடம் இல்லை.

திங்களன்று எல்லையைக் கடக்கலாம். வார இறுதி நெரிசலும் இராது. அதிகாலையில் வேலைக்குச் செல்வோர் கூட்டமும் முற்பகலில் குறைந்துவிடும். பேருந்திலிருந்து இரு சோதனைச் சாவடிகளில் இறங்கவேண்டும். சிங்கப்பூர்ப் பகுதியில் பெட்டிகளையும் உடன் கொண்டு செல்லவேண்டும். ஆதலால் ஆளுக்கொரு சிறு பெட்டியே போதும். முதியவர் கையில் சுமை வேண்டாம்.

செவ்வாயன்று சிங்கப்பூரில் மூன்று இடங்களைக் கண்டால் போதும். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசல் ஒன்று. தெலுக் ஆயர் வீதியில் 1828இல் தொடங்கி 1830இல் முடிந்த நாகூர் தர்காக் கட்டடம் மற்றொன்று. அங்கே கபுரு இல்லை; அது நினைவிடமே. இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. கடலைத் தூர்ப்பதற்குமுன் அவ்வீதியே கரையாக இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மூன்றாவது சுல்தான் பள்ளிவாசல். 1932இல் முடிவுற்ற அதன் குவிமாடத்தின் அடியைச் சுற்றிக் கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஏழை எளியோர் அளித்த புட்டிகள் அவை. செல்வர் பொன் கொடுக்க, இல்லாதவர் புட்டி கொடுத்தனர். குவிமாடமோ இருவருக்கும் பொதுவாயிற்று. அன்றிரவே விமானம்.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். இத்திட்டத்தில் எவ்வூரிலும் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணினாலும், ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள் எண்ணினாலுமே பயணி என்னும் நிலை நீங்கும். ஆகவே வாரம் முழுவதும் கஸ்ர் செய்யலாம். ஊரார் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழவேண்டும். ஷாஃபிஈகள் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம் என்பதால் பயண நேரங்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்க. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள். லுஹர் பகல் 1 மணியை ஒட்டியும், மஃரிப் மாலை 7 மணியை ஒட்டியோ சற்றுப் பின்னரோ அமையும். மலேசிய நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 'சூராவ்' எனப்படும் தொழுமிடங்கள் உள்ளன. பெண்களுக்கும் தனியிடம் உண்டு.

உணவில், மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் மூயிஸ் ஆகிய அமைப்புகளின் ஹலால் சான்றிதழைப் பாருங்கள். 'பன்றியிறைச்சி இல்லை' என்னும் பலகை ஹலால் சான்றுக்கு ஈடாகாது.

இனி நம் குடும்பத்துப் பெண்கள் கூர்ந்து கேட்கவேண்டிய செய்தி. சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். உறவினருக்கென்று அன்போடு அரைத்த மசாலாப் பொடியில் அது கலந்திருந்தால் சுங்கச் சாவடியில் வினை வந்து சேரும். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் அங்கே கூடாது. உம்மாவின் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, கடையில் வாங்கிய உறையிலேயே வைத்திருங்கள். விமான நிலையத்தில் எவரேனும், "இப்பையை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று கெஞ்சினால் இரக்கப்படாதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு இரு நாடுகளிலும் மரண தண்டனை வரை உண்டு. 'குருவி' வேலைக்கு இசைந்து பயணச் செலவைச் சரிக்கட்ட எண்ணுவோர் தம் குடும்பத்தையே ஈடு வைக்கின்றனர்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்பயணம் கடமையன்று. வட்டிக்குக் கடன் வாங்கியோ, மகளின் நகையை அடகு வைத்தோ செல்லத் தக்கதும் அன்று. இவ்வாண்டு இயலாவிடில் அடுத்த ஆண்டு. நால்வர் செல்ல இயலாவிடில் உம்மாவும் ஒரு மகனும்.

இறுதியாக, பலர் பேசத் தயங்கும் ஒன்று. நம் சபுராளிகள் சிலர் அங்கேயும் ஒரு குடும்பம் அமைத்தனர். அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இன்று மலாய் பேசுவர், தமிழ் அறியாதிருப்பர். ஆயினும் அவர்களுடைய பாட்டனாரும் உங்களுடைய பாட்டனாரும் ஒருவரே. உம்மாவின் மனம் நோகாத வகையில், அவருடைய இசைவைப் பெற்று, ஒருவேளை உணவுக்கேனும் அவர்களைச் சந்தியுங்கள். சொத்தைப் பற்றி ஒரு சொல்லும் அன்று வேண்டாம். இறந்தவர்களின் பிழைக்குப் பிறந்தவர்களைப் பகைப்பது நீதியாகாது. உறவைத் துண்டிப்பதன் கேட்டை நாம் பயான்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

பாட்டனாரின் கபுரைத் தேடிச் செல்வோர் பழைய கடித உறைகளை எடுத்து வையுங்கள். முகவரியில் 'பிட் ஸ்திரீட்' என்றிருந்தால் அது இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. 'காதர்' என்னும் பெயரே அங்குள்ள பதிவேடுகளில் பலவாறு எழுதப்பட்டிருக்கலாம். தந்தை பெயரையும் சொந்த ஊரையும் குறித்துச் செல்லுங்கள். மையவாடியில் கபுரு அடையாளம் காணப்படாவிடினும் வருந்தற்க. வாயிலில் நின்று ஸலாம் உரைத்து, உம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு துஆச் செய்யுங்கள். அடங்கியிருப்பவரை அல்லாஹ் அறிவான்.

புறப்படும் ஒவ்வொரு குடும்பத்தின் வழியையும் இலேசாக்கி, நலமுடன் அவர்களை இல்லம் சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.