குளியலறையில் ஒரு மதுக்கரை!

கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீரில் இரண்டு ஜாதி. சிறுவாணியோ பில்லூரோ குழாயில் வந்தால் அது 'நல்ல தண்ணி'. குடத்திலும் டிரம்மிலும் பிடித்து மூடி வைப்போம். போர் போட்டு மோட்டாரில் மேலே ஏற்றுவது 'உப்புத் தண்ணி'. அது குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க. இந்தப் பாகப்பிரிவினையில் கீசர் எந்தப் பக்கம் வருகிறது? குளியலறையில் மாட்டியிருப்பதால் பெரும்பாலான வீடுகளில் உப்புத் தண்ணீர்ப் பக்கம்தான். குடிக்கிற தண்ணீருக்கு ஆயிரம் யோசனை செய்கிற நாம், சுட வைக்கிற தண்ணீருக்கு ஒரு யோசனையும் செய்வதில்லை. சுட வைக்கும்போதுதான் அந்தத் தண்ணீர் தன் குணத்தைக் காட்டுகிறது, நண்பர்களே!

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக் கொள்வோம். கீசருக்குள் 'உப்பு பிடிச்சிருக்கு' என்கிறோம். அந்த வெள்ளைச் சில்லை எடுத்து நாக்கில் வைத்தால் கரிக்காது. ஏனென்றால் அது சாப்பாட்டு உப்பு அல்ல, பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, பாறையிலுள்ள சுண்ணாம்பைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொள்கிறது. நாம் அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறி, கரைந்தது மறுபடி கல்லாகிறது. சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். சுண்ணாம்பு நேர் எதிர், சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். ஆகவே இருப்பதிலேயே சூடான இடமாகிய காயிலின் மேல்தான் முதலில் போய் உட்காரும். பக்கத்து மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருந்ததால் சிமெண்ட் ஆலை வந்தது. நாமோ கரண்டுக்குக் காசு கட்டி வீட்டுக்கு வீடு ஒரு மதுக்கரை வளர்த்துக் கொண்டிருக்கிறோம்!

எவ்வளவு வளர்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போமே. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) குடிநீருக்குச் சொல்வது, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக் கொள்ளலாம். உங்கள் போர் தண்ணீர் 600 என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வீட்டில் தினமும் கீசரிலிருந்து 60 லிட்டர் எடுக்கிறார்கள். 36 கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளே நுழைகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே படிகிறது என்று தாராளமாக விட்டுக் கொடுத்தாலும் நாளைக்கு 3.6 கிராம், வருடத்துக்கு 1 கிலோ 300 கிராமுக்கு மேல்! ஐந்து வருடம் திறக்காத கீசரை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு தவறான பிரச்சாரத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஸ்கேல் படிந்தால் கரண்டு பில் இரண்டு மடங்காகும்' என்று பயமுறுத்தித் தண்ணீர்க் கருவி விற்க வருவார்கள். பாய்லர் பாடத்தில் நாம் படித்தது அடுப்பு வெளியே இருக்கும் பாய்லரைப் பற்றி. அங்கே குழாயில் படிவு இருந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியே ஓடிவிடும். எரிபொருள் நஷ்டம் உண்மை. கீசரில் காயில் தண்ணீருக்கு உள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. 2 கிலோவாட் காயிலுக்குப் புகைபோக்கி ஏது? வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400 என்றால் இந்தச் சுண்ணாம்புப் படிவுக்கு இரண்டோ மூன்றோதான். ஆகவே அதே வெப்பத்தை அந்தச் சட்டைக்கு வெளியே தள்ள, உள்ளே காயில் மேலும் மேலும் காய வேண்டியிருக்கிறது. போர்வைக்குள் போட்டு அமுக்கிய மாதிரி. பில் கொஞ்சம் ஏறலாம். ஆனால் உண்மையில் சாவது காயில். உறை வெடிக்கும், உள்ளிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடியில் ஈரம் இறங்கும், மின்சாரம் தண்ணீருக்குக் கசியும். இ.எல்.சி.பி. இருக்கிற வீட்டில் 'டப்'பென்று டிரிப் ஆகும். அதுவும் இல்லை, எர்த்தும் இல்லை என்கிற வீட்டில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

படிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? காதுக்கு முதல் வேலை. கீசர் ஓடும்போது சோளம் பொரிகிற மாதிரி 'பட் பட்' என்று சத்தம் கேட்டால், படிவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடிக்கிறது என்று அர்த்தம். ஷவர் கண்ணை, குழாய் முனை வலையைக் கழற்றித் தட்டினால் மணல் மாதிரி வெள்ளைத் துகள் விழும். மூன்று வாளி வெந்நீர் வந்த இடத்தில் இரண்டுதான் வருகிறது என்றால், தொட்டிக்குள் தண்ணீரின் இடத்தைச் சுண்ணாம்பு பிடித்துவிட்டது. நேரத்தையும் பாருங்கள். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 2 கிலோவாட்டுக்கு சுமார் 18 நிமிடம் போதும். கணக்குக்குச் சம்பந்தமில்லாமல் விளக்கு முன்னே பின்னே அணைந்தால், தெர்மோஸ்டாட் குழல் மேலும் சட்டை ஏறியிருக்கலாம். இதெல்லாம் முடியாதென்றால் சமையலறைக்குப் போய் இட்லிப் பானையின் அடியைப் பாருங்கள். எந்தத் தண்ணீரை அதில் ஊற்றுகிறீர்களோ அதன் ஜாதகம் அங்கே இருக்கும். அம்மாமார்கள் அதில் ஒரு துண்டு புளி போடுவதும், பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதும் சும்மா அல்ல. புளியில் இருப்பது அமிலம். அந்தக் காலத்துச் செம்பு பாய்லரிலும் மேல் மூடியைத் திறந்து கையை விட்டுத் தேய்க்க முடிந்தது. கீசரை நாம் மூடிய பெட்டியாக வாங்கி, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்தும் வைத்துவிட்டோம்.

போன கோடை விடுமுறையில் எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவருடன் உதவிக்குப் போய்க் கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு வருடத்தில் இரண்டாவது காயில் போயிருந்தது. ஃபிளேஞ்சைக் கழற்றினால் முட்டை ஓடு மாதிரிச் சில்லுகள், ஒரு மக்கு நிறைய. அதைக்கூட விடுங்கள். குளிர்நீர் உள்ளே போகும் இடத்தில் சேஃப்டி வால்வு இருக்குமே, அதன் வெளியேறும் வாயில் ஒரு டம்மி போட்டு முறுக்கி அடைத்திருந்தது! அந்த அம்மா சொன்னார்: "அது சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இருந்துச்சுங்க தம்பி. தரையெல்லாம் ஈரம். போன தடவ வந்தவர்கிட்டச் சொல்லி அடைச்சுட்டோமுங்க."

அந்த ஒழுகல் பழுதே அல்ல! 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 200 மில்லிக்கு மேல் விரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீர். அந்த வால்வுக்குள் திரும்பிப் போகவிடாத தடுப்பும் இருப்பதால், விரிந்த தண்ணீருக்கு மேலே டேங்குக்குப் போக வழியில்லை. சொட்டாக வெளியே வந்துதான் தீர வேண்டும். அந்த வாயை அடைத்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் தொட்டியின் தையல் இழுபடும். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நாளில் மக்கர் செய்தால் அது கீசர் அல்ல, குண்டு. நாம் அடைக்காவிட்டாலும் சுண்ணாம்பே வால்வை இறுக்கிவிடும். சிறு நெம்புகோல் உள்ள வால்வை மாதம் ஒரு தரம் தூக்கிப் பார்த்துத் தண்ணீர் வருகிறதா என்று தெரிந்துகொள்வது அதற்காகத்தான். சூடாக இல்லாத நேரத்தில் தூக்குங்கள். சொட்டுவது தொந்தரவா? ஒரு சிறு டியூப் போட்டு வடிகாலுக்கு விடுங்கள், அடைக்காதீர்கள்.

அண்ணன் டம்மியைக் கழற்றி, தொட்டியைக் கழுவி, புதுக் காயில் போட்டார். ஒன்றரை மணி நேரம். கூலி கேட்டபோது, "காயிலு மாத்துனதுக்குச் சரிங்க, கழுவுனதுக்குமா காசு?" என்று கேள்வி. வரும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "மாத்துறதுக்குத்தான் தம்பி காசு. கழுவறதுக்கு ஆரும் குடுக்க மாட்டாங்க. அப்புறம் ஆரு கழுவுவாங்க?"

இந்தக் கட்டுரையே அந்த ஒரு கேள்விக்காகத்தான். கம்பெனி மோசம், காயில் மோசம், மெக்கானிக் ஏமாற்றுகிறான் என்று நாம் மூன்று பேரைத் திட்டுகிறோம். மெக்கானிக் என்ன செய்வார்? கழுவினால் கூலியில்லை, அடுத்த வருடம் வேலையும் இல்லை. மாற்றினால் இரண்டும் உண்டு. பராமரிப்புக்கு மதிப்புக் கொடுக்காத வீடு உதிரிபாகத்துக்குக் கொடுத்துக் கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் எங்கள் லைனில் யார் என்ன சாமான் வாங்கினாலும் அதன் அட்டை என் கைக்கு வரும். நான் பார்த்த கீசர் அட்டைகளில், கடின நீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. அதைத் தமிழில் பெரிதாகப் பெட்டியின் மேல் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? விற்பவர் "உங்க வீட்டுல என்ன தண்ணிங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

வேலை ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. மெயின் பக்கம் எம்.சி.பி.யையே இறக்கிவிட வேண்டும். ஸ்விட்சை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீர் ஆறட்டும். குளிர்நீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றுக்கு வழிவிட்டு, வடிகால் மூடி இருந்தால் அதையும் இல்லாவிட்டால் கீழ் இணைப்பையும் கழற்றி வடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் தெளியும்வரை அலச வேண்டும். கடின நீருள்ள வீட்டில் வருடத்துக்கு ஒரு தரம் ஃபிளேஞ்சைத் திறந்து காயிலை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைக்கலாம். நுரை அடங்கினால் வேலை முடிந்தது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள், எனாமலையும் உலோகத்தையும் அது தின்னும். அப்போதே மெக்னீசியம் ராடு கரைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தன்னை அரித்துக்கொள்வதற்கென்றே இருக்கிற ஜீவன் அது. திரும்ப மாட்டியபின் வெந்நீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகுதான் கரண்டு! காலித் தொட்டியில் போட்டால் புதுக் காயிலும் நிமிடத்தில் போய்விடும். தெர்மோஸ்டாட்டை 60க்கு மேல் வைக்காமலிருந்தால் படிவதே மெதுவாகும். ஃபிளேஞ்சு, ஒயர் விஷயம் தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் கழுவியதற்கும் கூலி கொடுங்கள்.

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். முதலாண்டு வேதியியல் செய்முறையில் ப்யூரெட்டில் இ.டி.டி.ஏ. எடுத்து, ஒயின் சிவப்பு எஃகு நீலமாகும்வரை சொட்டுவிட்டு, கடினத்தன்மை கண்டுபிடித்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினோம். யாருடைய தண்ணீர் அது? ஆய்வகத்தில் கலக்கி வைத்த மாதிரி. நம் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தால், அறுபது மாணவர்களின் அறுபது வீட்டுக் கணக்கு ஒரே வாரத்தில் கிடைத்திருக்குமே! டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுகிறவர்களுக்கும் பதில் சொல்லியிருக்கலாம். அந்த மீட்டர் சாதா உப்பையும் சுண்ணாம்பையும் பிரித்துப் பார்க்காது.

ஆகவே மாணவர் மன்றத்துக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதலாண்டு மாணவர்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க ஆசிரியர்களிடம் அனுமதி வாங்கித் தாருங்கள். ஏரியாவாரியாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். இரண்டாவது, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிற கீசர் ஒன்றை வாங்கி ஒர்க்‌ஷாப்பில் நெடுக்காக அறுத்து வைப்போம். எடைக்குப் போடுவதில் ஒரு பங்கு சுண்ணாம்பு என்பதால் கடைக்காரரிடம் பேரம் பேசலாம். அறுக்கிற ஹேக்ஸா பிளேடு என் செலவு.