‘மெக்கானிக்கல்தானே படிக்கிறே?’

இன்ஜினீயரிங் காலேஜ்ல சேர்ந்த அன்னிக்கே நம்ம கழுத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்டை மாட்டி விட்டுடுவாங்க. ‘இங்கு மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார் இலவசமாக ரிப்பேர் செய்து தரப்படும்.’ முதல் செமஸ்டர்ல அரியர் வெச்சிருந்தாலும் சொந்தக்காரங்களுக்கு நாமதான் சயின்டிஸ்ட். அந்த போர்டை நம்பி நான் வாங்கின லேட்டஸ்ட் பல்புதான் இந்த வார மேட்டர்.

நவம்பர் மாசம், திருச்சி, சனிக்கிழமை சாயங்காலம். சித்தப்பா வருஷக்கணக்கா சீட்டு கட்டி வாங்கின செகண்ட் ஹேண்ட் கார் வாசல்ல வேப்பமரத்துக்குக் கீழே நிக்குது. அதுல சன்ரூஃப் இருக்குங்கறதுதான் சித்தப்பாவுக்குப் பெருமை. ஆறு வயசு தங்கச்சிப் பாப்பாவுக்கோ அதுதான் உலகம். அந்தக் கண்ணாடி பாதி திறந்தபடி மாட்டிக்கிச்சு. மேல பார்த்தா, வானம் கன்னங்கரேல். மறுநாள் விடியக்காலைல பட்டுக்கோட்டைக்குக் காதுகுத்து விசேஷத்துக்குக் கிளம்பணும்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். “டேய், நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே?”

மோட்டார்னா அது ட்ரிபிள்-ஈ பசங்க ஏரியானு எஸ்கேப் ஆகியிருக்கலாம். மூணாவது வருஷ கெத்து விடலை. மூடுற பட்டனை அமுக்கினேன். ‘ர்ர்ர்’னு சத்தம். கண்ணாடி நாலு விரல் தூரம் வந்துச்சு, நின்னுச்சு, வந்த வழியே திரும்பிப் போயிடுச்சு. மறுபடி அமுக்கினேன். அதே கதை.

உடனே சார் என்ன செஞ்சார்? ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஃபியூஸ் பாக்ஸைக் கழட்டினார். புத்தகத்தைப் பார்த்து சன்ரூஃப் ஃபியூஸைத் தேடிப் பிடுங்கி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். கம்பி முழுசா இருந்துச்சு. வேற ஃபியூஸ் போட்டும் பார்த்தார். கண்ணாடி வந்துச்சு, திரும்பிப் போச்சு. முக்கால் மணி நேரம் காலி. முதல் தூறல் சீட்டுல விழுந்துடுச்சு. சித்தி துணி காயப்போடுற பிளாஸ்டிக் ஷீட்டோட நிக்கிறாங்க.

அப்பதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. சில கார்கள்ல மூடுற பட்டனை விடாம அமுக்கிப் பிடிச்சா, கண்ணாடி திரும்பிப் போகாம வம்படியா மூடிக்கும். ‘ஐடியா!’னு பட்டன்ல விரலை வெச்சேன். பின்னாடி இருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சது. தெருமுனையில கடை வெச்சிருக்கிற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன். சித்தப்பா போன் போட்டு வரவழைச்சிருக்கார், என் மேல அவ்வளவு நம்பிக்கை!

“தம்பி, மொதல்ல மேல பாரு” என்றார்.

பார்த்தேன். பாப்பா பின்சீட்டுல ஏறி நின்னு, சன்ரூஃப் ஓரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மழையை வேடிக்கை பார்த்துட்டிருந்தா. நான் அவளைக் கவனிக்கவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்குது.

அண்ணன் பாப்பாவைத் தூக்கிக் கீழே இறக்கினார். அப்புறம் நிதானமா ஒரு கேள்வி. “மோட்டார் சத்தம் கேட்குதுல்ல? ஓடுற மோட்டாருக்கு எதுக்கு தம்பி ஃபியூஸ் பார்த்தே?”

பதில் இல்லை. ஃபியூஸ் போயிருந்தா மோட்டார் மூச்சே விட்டிருக்காது. ஒண்ணாங்கிளாஸ் பாப்பாவுக்கும் புரியற லாஜிக். வியாதி என்ன சொல்லுதுன்னு காது கொடுத்துக் கேட்காம, எனக்குத் தெரிஞ்ச ஒரே மாத்திரையைக் கொடுத்திருக்கேன்.

“அது ரிப்பேர் ஆகலை. கரெக்டா வேலை செய்யுது. எதோ குறுக்கே இருக்குன்னு சொல்லுது” என்றார் அண்ணன்.

அவர் சொன்னதை அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். இந்த மாதிரி சன்ரூஃப் மோட்டார்கள்ல பெரும்பாலும் ஒரு ஹால் சென்சார் இருக்கும். மோட்டார் எத்தனை சுத்து சுத்துச்சு, என்ன வேகம்னு அது எண்ணிக்கிட்டே இருக்கும். மூடற நேரத்துல வேகம் திடீர்னு குறைஞ்சா, கை மாட்டியிருக்குன்னு எடுத்துக்கிட்டு கண்ணாடியைத் திருப்பி அனுப்பிடும். அமெரிக்காவோட பாதுகாப்பு விதி 118-ம் சரி, ஐ.நா.வோட வாகன விதி 21-ம் சரி, தானா மூடற கண்ணாடி திரும்பறதுக்கு முன்னாடி அதிகபட்சம் 100 நியூட்டன்தான் அழுத்தலாம்னு சொல்லுது. சுமாரா பத்து கிலோ எடை. நான் அமுக்கப் போன பட்டன் அந்தப் பாதுகாப்பைத்தான் தள்ளி வைக்கிற பட்டன்.

இதுல கொடுமை என்னன்னா, 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடிச்ச ஹால் எஃபெக்டை படத்தோட எழுதி மார்க் வாங்கினவன் நான். அது என் தலைக்கு மேல ஒரு அடி தூரத்துல, ஒரு குழந்தையோட விரலுக்குக் காவல் இருக்குன்னு தெரியலை.

சரி, குறுக்கே என்ன இருந்துச்சு? டார்ச் அடிச்சுப் பார்த்தா, இடது பக்கத் தண்டவாளத்துல விரல் நீளத்துக்கு ஒரு வேப்பங்குச்சி. அதைச் சுத்தி தூசியோட சேர்ந்து கெட்டியாகிப் போன பழைய கிரீஸ். குச்சியை எடுத்து, துணியால ரெண்டு பக்கமும் துடைச்சு, சிலிகான் கிரீஸ் லேசா தடவினார். எல்லாரையும் இறங்கச் சொல்லிட்டு பட்டனை அமுக்கினார். கண்ணாடி வழுக்கிக்கிட்டுப் போய் மூடிக்கிச்சு. மழை ‘ஜோ’னு ஆரம்பிச்சது. அவர் வாங்கினது 150 ரூபாய். நான் வாங்கினது பல்பு!

இப்ப உங்க முறை. உங்க வீட்டுலயோ, சொந்தக்காரங்க வீட்டுலயோ சன்ரூஃப் மக்கர் பண்ணினா, ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி காதைத் தீட்டுங்க.

* சத்தமே இல்லையா? சாவி ஆன்ல இருக்கா, பேட்டரி டல்லா இருக்கானு பாருங்க. அப்புறம்தான் ஃபியூஸ். எரிஞ்சிருந்தா அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பெரிய ஃபியூஸ் போட்டா ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

* சத்தம் வருது, கண்ணாடி அசையலையா? கேபிளோ, பல்சக்கரமோ போயிருக்கலாம். கையால இழுத்துத் தள்ளாதீங்க. மெக்கானிக் வரட்டும்.

* வந்து வந்து திரும்புதா? தண்டவாளத்தைப் பாருங்க. சுத்தமா இருந்தும் திரும்பினா, சமீபத்துல பேட்டரியைக் கழட்டினீங்களானு யோசிங்க. கண்ணாடி எங்கே நிக்கணும்கற கணக்கை சில கார்கள் அப்ப மறந்துடும். திரும்பக் கத்துக்கொடுக்கற முறை காரோட வந்த புத்தகத்துல இருக்கும், காருக்குக் கார் மாறும். அந்த நேரத்துல விரல் பாதுகாப்பு வேலை செய்யாம போகலாம். அதனால யார் கையும் மேல இருக்கக் கூடாது.

* அவசரத்துக்கு மூடணுமா? சில கார்கள்ல உள் விளக்குக்குப் பின்னாடி மோட்டாரை ஆலன் கீ வெச்சுச் சுத்தி மூட வழி இருக்கும். புத்தகத்தைப் பாருங்க. இல்லைன்னா பிளாஸ்டிக் ஷீட்டை வெளிப்பக்கமா ஒட்டி நனையாம காப்பாத்துங்க.

* காருக்குள்ள ஈர வாடையா? சன்ரூஃப் ஓர வாய்க்கால்ல விழற தண்ணி, மூலைகள்ல இருக்கிற சின்னக் குழாய்கள் வழியா வெளியே போகணும். அரை டம்ளர் தண்ணியை மெதுவா ஊத்தி, கீழே சொட்டுதானு பாருங்க. அடைச்சிருந்தா மெல்லிசான நைலான் நரம்பு விடலாம். இரும்புக் கம்பி விட்டா குழாய் கிழிஞ்சு தண்ணி உள்ளேயே இறங்கும்.

பட்டுக்கோட்டைக்கு நனையாம போய்ச் சேர்ந்தோம். வழியில பாப்பா சன்ரூஃபுக்கு வெளியே தலையை நீட்டி நிக்கணும்னு ஒரே அழுகை. ஒரு சடன் பிரேக் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்துலயாவது மெக்கானிக்கல் படிச்சவனா நடந்துக்கிட்டேன். பெல்ட் போட்டு உட்கார வெச்சேன்.

காதுகுத்து வீட்டுல ஒரு பெரியப்பா வந்தார். “வாடா, மெக்கானிக்கல்தானே? எங்க வீட்டு கிரைண்டர்...”

“என்ன சத்தம் வருது பெரியப்பா?”னு முதல்ல கேட்டேன்!