துளைகளை எண்ணிப் போடுங்கள்

நீர்மூழ்கிக் கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியைச் செய்வது சுலபம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். மற்றப் போர்க்கப்பல்களைப் போல அடுக்கடுக்கான பீரங்கிகளும் தளங்களும் இதில் கிடையாது. நீண்ட உருளை, நடுவில் ஒரு கோபுரம், பின்னால் புரொப்பெல்லர், அவ்வளவுதான். இரண்டு பாதிகளை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் நிறம் அடித்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த மொட்டைப் பரப்பு கையை உறுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே ரிவெட் வரிசைகளையும் தகட்டுக் கோடுகளையும் தோன்றியபடி சேர்க்கிற பழக்கம் இந்தப் பொழுதுபோக்கில் வேரூன்றிவிட்டது. வெளிக்கூட்டின் நுண்விவரங்களே ஒரு மாதிரிக்கு உயிர் என்பதை முழுமையாக ஏற்கிறேன். அதனாலேயே, ஆதாரமில்லாத ஒரு விவரத்தைச் சேர்ப்பதைவிட அந்த இடத்தை வழுவழுப்பாக விட்டுவிடுவது மேல் என்று சொல்கிறேன்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி 500-க்கும் மேல் கட்டிய ஏழாம் வகை 'சி' நீர்மூழ்கியை எடுத்துக்கொள்வோம். அதில் மனிதர்கள் இருப்பது உள்ளேயுள்ள அழுத்தக் கூட்டில். அதைச் சுற்றி மேலே தெரிகிற மெல்லிய தகட்டுப் பகுதிகள் பலவும் நீர் புகுந்து வெளியேறுவதற்கென்றே கட்டப்பட்டவை. மூழ்கும்போது அங்கே அடைபட்ட காற்று நொடிகளில் வெளியேறியாக வேண்டும். தாமதித்தால் எதிரி விமானம் தலைக்கு மேல் வந்துவிடும். பக்கவாட்டில் நீண்ட வரிசைகளாகத் தெரியும் பிளவுகள் அதற்காகத்தான். கிட்டில் இவை பெரும்பாலும் வெறும் பள்ளங்களாகவே இருக்கும். மெல்லிய டிரில்லால் ஒவ்வொன்றையும் துளைத்து, உட்புறத் தகட்டைச் சுரண்டி மெலிதாக்கினால், அந்தக் கப்பல் எப்படி இயங்கியது என்பதே கண்ணுக்குப் புரிந்துவிடும். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே வகையாக இருந்தும், எந்தக் கட்டுந்தளத்தில் கட்டினார்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பிளவுகளின் அமைப்பு மாறியது. கோபுரத்தில் ஒரு படகின் சின்னத்தை வரைந்துவிட்டு, பக்கவாட்டில் வேறொரு கட்டுந்தளத்தின் பிளவுகளைத் திறந்து வைத்தால் அந்த மாதிரி எந்தப் படகையும் குறிக்காது.

அளவுக்கணக்கும் இதையே சொல்கிறது. சுமார் 67 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகு 1:72 அளவில் 93 சென்டிமீட்டர் ஆகிறது. அந்த அளவில் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிவெட் தலை ஒன்றை ஒட்டினால், நிஜத்தில் அது 36 மில்லிமீட்டர். ஒரு பெரிய நெல்லிக்காய் பருமன். கால் மில்லிமீட்டர் அகலத்தில் கீறிய தகட்டுக் கோடு, நிஜத்தில் விரல் நுழையும் இடைவெளி. அப்படிப்பட்ட இரும்பு கடலில் எங்கும் மிதந்ததில்லை. வெல்டிங் தழும்புக்கு மெல்லிய புட்டிக் கோடு போதும்; சில இடங்களில் சாயத்தின் நிழல் மாற்றமே போதும்.

தவறான விவரம் எவ்வளவு காலம் நிலைத்து நிற்கும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் 'ஹன்லி' சாட்சி. 1864 பிப்ரவரி 17 அன்று சார்ல்ஸ்டன் அருகே 'ஹவுசடானிக்' என்ற போர்க்கப்பலைத் தகர்த்துவிட்டுத் தானும் மூழ்கிப்போன நீர்மூழ்கி அது. அதைக் கட்டியவர்களில் ஒருவரான வில்லியம் அலெக்சாண்டர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து வரைந்த படங்கள் இருந்தன. பழைய கொதிகலனை வெட்டிச் செய்தது என்ற கதையும் இருந்தது. மாதிரிகளும் முழு அளவுப் பிரதிகளும் அவற்றை நம்பி முரட்டு உருளையாகவே உருவாகின. 2000 ஆகஸ்ட் 8 அன்று கடலடியிலிருந்து தூக்கியபோது வந்ததோ முனைகள் ஒடுங்கிய, நேர்த்தியான கூடு. நீரின் இழுவையைக் குறைக்க ரிவெட்டுகளைத் தகட்டோடு தட்டையாக அடித்திருந்தார்கள். வெடிகுண்டைத் தாங்கிய கம்பம் முகப்பின் கீழ்ப்பகுதியில் பொருந்தியிருந்தது. அந்தக் கம்பத்தின் நுனியைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பிளந்த செப்புத் துண்டுகள், குண்டு கம்பத்தில் இருந்தபடியே வெடித்தது என்று 2013-ல் உணர்த்தின. குண்டைச் செருகிவிட்டுப் பின்வாங்கியதாக அதுவரை சொல்லப்பட்டு வந்த விளக்கம் அத்தோடு ஆட்டம் கண்டது. சில செப்புத் துண்டுகள் வரலாற்றையே திருத்தியிருக்கும்போது, நுண்விவரத்தை மனம்போனபடி சேர்ப்பதை எப்படி ஏற்பது?

'இது பொழுதுபோக்கு, இதில் எதற்கு இத்தனை கண்டிப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் தன் வீட்டு அலமாரிக்காகச் செய்வதை நான் கேட்கப்போவதில்லை. ஒரு கப்பலின் பெயரை எழுதிக் காட்சிக்கு வைக்கும்போது பார்ப்பவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார். பொறுப்பு அங்கே வந்துவிடுகிறது. நிஜ அளவில் செய்தால் கண்ணுக்கே தெரியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. சிறிய அளவு மாதிரிகளில் துளையைச் சற்று அகலமாக்கத்தான் வேண்டும். மெல்லிய டிரில் முறிந்துவிடும். அகலத்தில் விட்டுக்கொடுக்கலாம், எண்ணிக்கையிலும் வரிசையிலும் கூடாது. இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகளில் புரொப்பெல்லரையே துணி போர்த்தி மறைக்கிறார்களே, ஆதாரத்துக்கு எங்கே போவது என்பது இன்னொரு கேள்வி. தெரியாததைக் கற்பனையால் நிரப்பாமல், 'இப்பகுதி அறியப்படவில்லை' என்று பீடத்தில் ஒரு வரி எழுதிவிடலாம். அருங்காட்சியகப் படகையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஜெர்மனியின் லாபோ கடற்கரையில் நிற்கும் யு-995 நீர்மூழ்கி, போருக்குப் பின் 'கவுரா' என்ற பெயரில் நார்வே கடற்படையில் ஓடி, மறுபடி பழைய தோற்றத்துக்கு மாற்றப்பட்டது. போர்க்காலப் புகைப்படத்தோடு ஒப்பிட்ட பிறகே அதைப் பின்பற்ற வேண்டும்.

நம் கைக்கெட்டும் தூரத்தில் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா நிற்கிறது. சோவியத் நாட்டில் கட்டிய 91 மீட்டர் நீளப் படகு அது; 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. உப்புக்காற்றில் நிற்கும் இரும்புக்குப் பழுதுபார்ப்பு தவிர்க்க முடியாதது. புதுத் தகடு வைக்கும் ஒவ்வொரு முறையும் பழைய அடையாளம் ஒன்று போகக்கூடும். அங்கே போகிறவர்கள் உள்ளே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வதோடு திரும்பிவிடாதீர்கள். வெளியே வந்து, பக்கவாட்டுப் பிளவுகளையும் வெல்டிங் கோடுகளையும் முகப்பிலிருந்து வால்வரை வரிசையாகப் படமெடுங்கள். அளவு தெரிய ஓர் அடிக்கோலைப் படத்துக்குள் வையுங்கள், தேதியையும் குறித்து வையுங்கள்.